பத்து மில்லிக் கணக்கு எல்லா ஆசிட்டுக்கும் ஆகாது

கன்னியாகுமரி மாவட்டத்தில் குலசேகரம், அருமனைப் பக்கம் ரப்பர் ஷீட் அடிப்பவர்களிடம், ரப்பர் பாலை உறைய வைக்கும் ஆசிட்டுக்கு ஒரு கணக்கு உண்டு: லிட்டர் தண்ணிக்குப் பத்து மில்லி ஆசிட், ஒரு சதவீதம். ஃபார்மிக் ஆசிட்டுக்கு இது சரிதான். ஆனால் ஏன் சரி என்பது தெரியாவிட்டால் அடுத்த கேனில் கை சுடும்.

கேனில் எழுதியிருக்கும் 85 சதவீதம் எடைக் கணக்கு: நூறு கிராம் திரவத்தில் 85 கிராம் ஆசிட். நாம் அளப்பதோ மில்லியில். இடையில் அடர்த்தி வேண்டும். 85 சதவீத ஃபார்மிக் ஆசிட் மில்லிக்குச் சுமார் 1.195 கிராம். 1.195 × 0.85 = 1.016. அதாவது ஒரு மில்லியில் ஏறக்குறைய ஒரு கிராம் ஆசிட். எண்கள் தற்செயலாக அப்படி விழுந்திருக்கின்றன, அவ்வளவுதான்.

விலை குறைவென்று சிலர் சல்ஃப்யூரிக் ஊற்றுவார்கள். 98 சதவீதம், அடர்த்தி 1.84. ஒரு மில்லியில் 1.8 கிராம். அதே பத்து மில்லிக்குக் கரைசல் 1.8 சதவீதம் ஆகிவிடும். பால் கல்லாக இறுகும், ரோலரில் போகாது. ஃபார்மிக் போல இது ஷீட்டை உலர்த்தும் புகைப்புரையில் ஆவியாகியும் போகாது. ஷீட்டிலேயே தங்கி ரப்பரைக் கெடுக்கும். வாங்காமலிருப்பதே நல்லது. எந்த ஆசிட்டானாலும் தண்ணியில்தான் ஆசிட்டை ஊற்ற வேண்டும், மாற்றி ஊற்றக் கூடாது.

பால் உறையாமலிருக்க விடும் அமோனியாவில் கணக்கு எதிர்ப்பக்கம் சாயும். 25 சதவீதம், அடர்த்தி 0.91, மில்லிக்கு 0.23 கிராம்தான். இருபது லிட்டர் பாலுக்கு 0.05 சதவீதம் வேண்டுமென்றால் பத்து கிராம், அதாவது 44 மில்லி. பத்து மில்லி விட்டால் நாலில் ஒரு பங்குகூட இல்லை. பால் கேனிலேயே திரிந்து, ஒட்டுப்பால் என்னும் மட்ட ரப்பரின் விலைக்குப் போகும். அடிக்கடி திறந்த கேனில் 25-ம் இருக்காது, வாயு பறந்திருக்கும்.

பாலை நீர்க்க வைப்பதும் இதே வழிதான். டிஆர்சி, அதாவது பாலில் உள்ள உலர் ரப்பரின் சதவீதம், 36 உள்ள பாலை 12.5-க்குக் கொண்டுவர 36 ÷ 12.5 = 2.88, லிட்டருக்கு 1.88 லிட்டர் தண்ணி. அப்படி நீர்த்த நாலு லிட்டர் தட்டில் அரைக் கிலோ ரப்பர். அதற்கு 2 கிராம் ஆசிட் என்று வைத்தால், ஒரு சதவீதக் கரைசலில் 200 மில்லி. ஆசிட் குறைந்தால் மிச்சத் தண்ணி வெள்ளையாகவே நிற்கும். அந்த வெள்ளை உங்கள் ரப்பர்.

பிள்ளைகள் மோலாரிட்டி (லிட்டருக்கு எத்தனை மோல்) கேட்டால்: கேனில் உள்ள ஃபார்மிக்கின் லிட்டருக்கு 1016 கிராமை அதன் மூலக்கூறு எடையான 46-ஆல் வகுங்கள், 22 மோலார். ஒரு சதவீதக் கரைசல் 0.22 மோலார், பிபிஎம்மில் (பத்து லட்சத்தில் எத்தனை பங்கு) சுமார் 10,000.