சொதி மணமும் அன்னாசி டொஃபியும்

முதல் கீமோ அன்று விடியற்காலையிலேயே எழும்பி இடியப்பமும் சொதியும் செய்தேன். வெறும் வயிற்றோடு வரவேண்டாம் என்று கிளினிக்கில் சொல்லியிருந்தார்கள். எனக்கு மனம் பதறும் நாட்களில் சொதிதான் ஆறுதல். வெந்தயம், கறிவேப்பிலை, கட்டித் தேங்காய்ப் பால், இறக்கி வைத்த பிறகு தேசிக்காய்ப் புளி. மூன்று இடியப்பத்தை அதில் நன்றாக ஊறவிட்டுச் சாப்பிட்டுவிட்டு, வெள்ளவத்தையில் இருந்து ஓட்டோ பிடித்து மகரகமைப் புற்றுநோய் ஆஸ்பத்திரிக்குப் போனோம்.

ஊசி ஏறும்போது ஒன்றும் தெரியவில்லை. பின்னேரம் வீட்டுக்கு வந்து படுத்தேன். ஆறு மணிக்குப் பிறகு ஓங்காளம் தொடங்கியது. விடியும்வரை சத்தி.

நான்காம் நாள் கொஞ்சம் தெம்பு வந்து கதவைத் திறந்து வைத்திருந்தேன். கீழ் வீட்டில் யாரோ சொதி வைத்தார்கள். பாலில் வெந்தயம் வேகும்போது இனிப்பும் கசப்புமாக ஒரு மணம் வருமே, அதுதான் மாடிப்படி வழியாக ஏறி வந்தது. நாற்பது வருடமாகப் பசியைக் கிளப்பிய மணம். அன்றைக்கு என் வாயில் உப்பு நீர் ஊறியது, தொண்டை இறுகியது. கதவைச் சாத்திவிட்டு நிலத்திலேயே உட்கார்ந்துவிட்டேன்.

“ஒரு வாய் எண்டாலும் சாப்பிட்டுப் பாருமன், உமக்குப் பிடிச்சதுதானே” என்று என் கணவர் அடுத்த கிழமை கெஞ்சினார். சத்திக்குக் காரணம் மருந்து, சொதி இல்லை என்று எனக்கும் தெரியும். தெரிந்தும் கரண்டி வாய்க்கு அருகில் வந்தால் உடம்பு திரும்பிக்கொள்ளும். சொதியோடு என் அம்மாவின் குசினியே கைவிட்டுப் போகிறது போல அழுதேன்.

என் தங்கச்சி உயர்தர வகுப்புக்கு உயிரியல் படிப்பிக்கிறவள். அவளிடம் சொன்னபோதுதான் இதற்கு ஒரு கணக்கு இருப்பது தெரிந்தது. ஜோன் கார்சியா என்ற ஆய்வாளர் 1955 இல் எலிகளுக்குச் சக்கரின் கலந்த இனிப்புத் தண்ணீர் கொடுத்து, அவற்றுக்குக் கதிர்வீச்சும் கொடுத்தார். பிறகு அந்த எலிகள் இனிப்புத் தண்ணீரை ஒதுக்கத் தொடங்கின. குமட்டலுக்குக் காரணம் கதிர்வீச்சு, பழி விழுந்தது தண்ணீரில். மணி அடித்துச் சாப்பாடு கொடுத்துப் பழக்குவது போன்ற பாடங்களில் இரண்டுக்கும் நடுவில் சில விநாடிகள்தான் இடைவெளி இருக்கலாம், அதையும் பலமுறை செய்யவேண்டும். சாப்பாட்டு விஷயத்தில் மூளை ஒரே முறையில், பல மணி நேரம் கழித்துக்கூட முடிச்சுப் போட்டுவிடும். நான் காலையில் சாப்பிட்டேன், இரவில் சத்தி எடுத்தேன். மூளைக்கு அது போதும். காட்டில் நச்சுக் காயைத் தின்று பிழைத்த ஒரு விலங்குக்கு இரண்டாம் வாய்ப்புக் கிடைக்காது, அதனால்தான் இந்த அவசரம் என்றாள் தங்கச்சி.

சரி, வாயால் சாப்பிட்டதற்கு மூக்கு ஏன் பயப்படுகிறது? நாம் சுவை என்று சொல்வதில் பெரும்பகுதி மணம்தானாம். மெல்லும்போது உணவின் வாசம் தொண்டைக்குப் பின்பக்கமாக மூக்குக்கு ஏறுகிறது. எலிகளில் பார்த்தபோது, வெறும் மணத்துக்குப் பிறகு நேரம் கழித்துக் குமட்டல் வந்தால் அந்த மணத்தின் மேல் வெறுப்பு அவ்வளவாகப் பிடிப்பதில்லை. அதே மணம் ஒரு சுவையோடு சேர்ந்து வாய்க்குள் போயிருந்தால், பிறகு மணம் மட்டுமே போதும், விலங்கு விலகிவிடும். மற்றப் புலன்களின் செய்தி மூளையில் தலமஸ் என்ற இடத்தைத் தொட்டுத்தான் போகும். மணமோ அச்சத்தையும் வெறுப்பையும் பதிக்கும் அமிக்டலாவுக்கு நேராகவே போகிறது. கீழ் வீட்டுச் சொதி என்னை யோசிக்கவே விடாததன் காரணம் இதுதான். எனக்குப் பைத்தியம் இல்லை என்று அன்றுதான் நிம்மதியாக இருந்தது.

இன்னும் மூன்று கீமோ பாக்கி, இருபத்தொரு நாளுக்கு ஒன்று. அதற்குள் புட்டும் மீன் குழம்பும் போய்விட்டால்? தங்கச்சி தேடி எடுத்துத் தந்ததுதான் என்னைக் காப்பாற்றியது. ஐலீன் பேர்ன்ஸ்டைன் என்ற அமெரிக்க ஆய்வாளர் 1978 இல், கீமோ எடுக்கும் பிள்ளைகளுக்கு மருந்துக்கு முன் புதுச் சுவையில் ஐஸ்கிரீம் கொடுத்துப் பார்த்தார். பிறகு பிள்ளைகள் அதை வேண்டாம் என்றார்கள். 1987 இல் வந்த ஆய்வு அதையே உபாயமாக மாற்றியது: சாப்பாட்டுக்கும் மருந்துக்கும் நடுவில் கடுமையான சுவையுள்ள இனிப்பைக் கொடுத்தால் பழி அந்த இனிப்பின் மேல் விழுகிறது, சாப்பாடு ஓரளவு தப்பிவிடுகிறது.

எனக்குச் சீனி வருத்தம் இல்லை. வைத்தியரிடம் கேட்டேன், தாராளமாகச் செய்யுங்கள் என்றார். இஞ்சி டொஃபி வாங்கப் போன கணவரைத் தடுத்தேன், இஞ்சி எனக்கு வேண்டும். இழந்தாலும் கவலையில்லாத ஒன்றாக அன்னாசி டொஃபி தேர்ந்தோம். கண்ணைக் கூசும் மஞ்சள், மூக்கில் அடிக்கும் எசென்ஸ். கீமோவுக்கு முதல்நாள் தொடங்கி நான்கு நாட்களுக்கு வீட்டில் எனக்குப் பிடித்த எதுவும் சமைப்பதில்லை. அன்று காலை பாணும் அவித்த முட்டையும், ஆறவைத்துத்தான் சாப்பிடுவேன், ஆறினால் மணம் குறைவு. ஊசிக்கு முன் இரண்டு டொஃபி.

புட்டு தப்பியது, மீன் குழம்பும் தப்பியது. அன்னாசி டொஃபி? கடை மேசையில் அந்தப் போத்தலைத் திறந்தாலே நான் வெளியே போய் நிற்பேன்.

சொதியை மீட்டதுதான் நீண்ட வேலை. கடைசி ஊசி முடிந்து இரண்டு மாதம் பொறுத்தேன். முதலில் வெந்தயமே இல்லாமல், ரம்பையும் மஞ்சளும் மட்டும் போட்டு அவர் சமைத்தார். நான் கடல் பக்க ஜன்னலைத் திறந்து அதன் அருகில் இருந்தேன். ஆறிய பிறகு ஒரு தேக்கரண்டி, அதுவும் சோற்றோடு, இடியப்பத்தோடு இல்லை. குமட்டல் எட்டிப் பார்த்தால் அன்றைக்கு அத்தோடு நிறுத்திவிடுவேன். அடக்கிக்கொண்டு விழுங்கினால் இன்னொரு கெட்ட நினைவுதான் சேரும். கிழமைக்கு இரண்டு முறை. சூடு, பிறகு இடியப்பம், கடைசியாக வெந்தயம், முதலில் நாலே நாலு மணி.

நன்றாகப் போய்க்கொண்டிருந்தபோது ஒருநாள் பரிசோதனைக்காக மகரகமைக்குப் போய்வந்தேன். அன்று இரவு சொதி மறுபடி ஓங்காளித்தது. உடைந்துபோனேன். பழைய வெறுப்பு அழிவதில்லையாம். “இப்போது ஒன்றும் ஆகாது” என்ற புதுப் பாடம் அதன் பக்கத்தில் எழுதப்படுகிறது, பழைய இடத்துக்குப் போனால் பழையது தலைதூக்கும். அதைத் தெரிந்துகொண்ட பிறகு கிளினிக் நாட்களில் சொதி வைப்பதில்லை. அடுத்த நாள் வைப்போம்.

போன ஞாயிறு நானே குசினியில் நின்று, வெந்தயம் முழு அளவாகப் போட்டு, கொதி வரும்வரை துழாவினேன். மணம் வந்தது. பசித்தது.

என் மச்சாளுக்கு வரும் செவ்வாய்க்கிழமை முதல் கீமோ. அவளுக்கு ஒடியற்கூழ் என்றால் உயிர், ஆஸ்பத்திரிக்குப் போகமுன் ஒருமுறை ஆசைதீரக் குடிக்கவேண்டுமாம். திங்களன்று வேண்டாம், இன்றைக்கே காய்ச்சுவோம் என்று சொல்லி, ஒடியல் மா வாங்க அவரை அனுப்பியிருக்கிறேன்.