கந்தகத்துக்கும் நைட்ரஜனுக்கும் நடுவில் ஒரு கார்பன்

பி காம்ப்ளெக்ஸ் மாத்திரை டப்பாவைத் திறந்ததும் முகத்தில் அடிக்கும் வாடை பலருக்குப் பிடிக்காது. உணவுப் பரிசோதனைக் கூடத்தில் அரிசி, சத்துமாவு, பிரெட் என்று எல்லாவற்றிலும் தயமின் அளந்தே வேலைக்காலத்தைக் கழித்த எனக்கு அது பிடித்த வாசனை. அதில் பெரும்பங்கு தயமினுடையது, அதாவது வைட்டமின் பி1.

தயமினில் இரண்டு வளையங்கள் உண்டு. ஆறு மூலை கொண்டது பிரிமிடின். என் மனம் போவது இன்னொன்றின் பக்கம்தான்: ஐந்து மூலை கொண்ட தயசோல். மூன்று கார்பன், ஒரு கந்தகம், ஒரு நைட்ரஜன். கந்தகத்துக்கும் நைட்ரஜனுக்கும் நடுவே ஒரு கார்பன் மாட்டிக்கொண்டிருக்கும். அந்த நைட்ரஜனில் நேர்மின்சுமை இருப்பதால், கார்பன் தன் ஹைட்ரஜனைச் சுலபமாக விட்டுவிடும். கனநீரில் (ஹைட்ரஜனின் கனமான வகையான டியூட்டீரியம் கொண்ட நீரில்) போட்டால் அந்த ஹைட்ரஜன் டியூட்டீரியத்துக்கு இடம் கொடுத்துப் போய்விடுவதை வேதியியலாளர் ரொனால்ட் பிரெஸ்லோ 1950களின் இறுதியில் காட்டினார். ஹைட்ரஜன் போனதும் அதே கார்பன், உடலில் சர்க்கரை உடைந்து உண்டாகும் பைருவேட்டைப் பிடித்துக்கொள்ளும். கார்பன் டை ஆக்சைடு கழன்று வரும். நாம் சாப்பிடும் சோறு சக்தியாவதற்கு இந்த ஒரு மூலை வேலை செய்தாக வேண்டும். செய்யாவிட்டால் பெரிபெரி, நரம்பையும் இதயத்தையும் தாக்கும் நோய்.

பெனிசிலினிலும் மின்மினிக்கு ஒளி தரும் லூசிஃபெரினிலும்கூட இதே குடும்பத்து வளையங்கள் இருக்கின்றன. அவற்றைப் பற்றி இன்னொரு நாள் எழுதுகிறேன்.

தீட்டிய அரிசி தின்ற கோழிகளுக்குப் பெரிபெரி போலவே கால் விளங்காமல் போவதை டச்சு மருத்துவர் ஐக்மன் 1890களில் படாவியாவில் (இன்றைய ஜகார்த்தா) கவனித்தார். அதே ஊரில் 1926இல் டச்சு வேதியியலாளர்களான யான்செனும் டொனாத்தும் தவிட்டிலிருந்து தயமினைப் படிகமாகவே எடுத்துவிட்டார்கள். ஆனால் அவர்கள் எழுதிய வாய்பாட்டில் கந்தகம் இல்லை! அது 1932இல்தான் ஜெர்மனியில், வேதியியலாளர் விண்டவுஸின் ஆய்வில் வெளிப்பட்டது. பிறகு அமெரிக்க வேதியியலாளர் ராபர்ட் வில்லியம்ஸ் சல்ஃபைட் சேர்த்து மூலக்கூறை இரண்டாகப் பிளந்து, ஒரு பாதி தயசோல் என்று கண்டார். 1936இல் முழுவதையும் செயற்கையாகச் செய்தும் காட்டினார். அவர் பிறந்தது அன்றைய சென்னை மாகாணத்து நெல்லூரில். இதை நம் ஊர்ப் பாடப்புத்தகங்களில் போட வேண்டும் என்பது என் நெடுநாள் ஆசை.

ஆய்வுக்கூடத்தில் எனக்கு மிகவும் பிடித்த கட்டம், தயமினை அளக்கும் தயோகுரோம் சோதனை. காரக் (அல்கலி) கரைசலில் பொட்டாசியம் ஃபெரிசயனைடு சேர்த்தால் இரண்டு வளையங்களும் நடுவில் மூன்றாவது ஒன்றைக் கட்டிக்கொள்ளும். அதை ஐசோபியூட்டனால் என்ற கரைப்பானில் குலுக்கி எடுத்துப் புறஊதா விளக்கில் பிடித்தால் நீலமாக ஒளிரும். புழுங்கல் அரிசி நன்றாகவே ஒளிரும். தீட்டிய பச்சரிசி மங்கல்தான். நெல்லை ஊறவைத்து அவிக்கும்போது தவிட்டிலுள்ள தயமின் அரிசிக்குள் இறங்கிவிடுகிறது, அப்புறம் தீட்டினாலும் ஓரளவு தங்குகிறது.

காரம் (மிளகாய்க் காரம் அல்ல, அல்கலி) சமையலறையில் தயமினுக்கு எதிரி. சோடா உப்பு போட்டு வேகவைத்தால் தயசோல் வளையம் திறந்துகொள்ளும், சத்து போய்விடும். கொண்டைக்கடலைக்குத் தவறாமல் சோடா போடும் என் நாத்தனாரிடம் இதை விளக்கினேன். இப்போது முதல் நாள் இரவே ஊறப்போட்டுவிடுகிறார். குக்கரில் ரெண்டு விசில் கூடுதலாக விடுகிறார், அவ்வளவுதான்.