தட்டைத் தூக்கிக்கொண்டு கேக் விற்பது

வீட்டில் சுட்ட கேக்கைத் தெருவிழாவில் நடந்தே விற்கப் போகிறேன் என்று யாராவது சொன்னால், மற்றவர்கள் கேட்பது 'என்ன கேக்?' என்பதுதான். நான் கேட்பது, 'தட்டு எவ்வளவு கனம்?'

கழுத்தில் மட்டும் மாட்டும் வார் வேண்டவே வேண்டாம். கொஞ்ச நேரத்திலேயே பிடரி இழுக்க ஆரம்பித்துவிடும், முகத்தில் சிரிப்பு தங்காது. இரண்டு தோளிலும் மாட்டி முதுகில் குறுக்காகப் போகும் அகல வார்தான் எனக்குச் சரி. தட்டின் உள்விளிம்பு இடுப்பில் சாய்ந்து நிற்க வேண்டும். அப்போதுதான் ஒரு கையாவது சும்மா இருக்கும். சரக்கு எல்லாவற்றையும் சுமக்கவும் தேவையில்லை. பெட்டியை நிழலில், தெரிந்தவர் ஒருவரிடம் விட்டுவிட்டு அவ்வப்போது போய் நிரப்பிக்கொள்வேன். ஆனால் தட்டு காலியாகும்வரை காத்திருப்பதில்லை. ஒன்றே ஒன்று மிச்சம் இருந்தால் அதை எடுக்க ஏனோ எல்லாருக்கும் கூச்சம்.

என்ன சுடலாம் என்று யோசிக்கும்போது வாங்குகிறவருடைய கைகள்தான் நினைவுக்கு வரும். ஒரு கையில் குழந்தை இருக்கும், இன்னொன்றில் போன். உட்கார இடம் கிடையாது. கூட்டம் இடிக்கும். இந்த நிலையில் அவருக்குக் கிரீம் வைத்த கப்கேக்கைக் கொடுப்பது பாவம். மூக்கில் கொஞ்சம், பக்கத்தில் நிற்பவர் சட்டையில் கொஞ்சம் என்று போகும். பாலும் கிரீமும் சேர்ந்த பண்டத்தில் 5 டிகிரிக்கும் 60 டிகிரிக்கும் நடுவில் கிருமி வேகமாகப் பெருகும் என்பதால், வெயிலில் அதைத் தூக்கிக்கொண்டு அலைவது எப்படியும் சரியில்லை. சாக்லேட் பூச்சும் அப்படித்தான். கோகோ வெண்ணெய் ஏறத்தாழ 34 டிகிரியில் உருகிவிடும், நம் உடம்புச் சூட்டைவிடக் குறைவு. விரல் பட்டாலே ஒட்டிக்கொள்ளும்.

அதனால் என் தட்டில் இருப்பவை எல்லாம் நாலு வாயில் முடிகிற துண்டுகள். வாழைப்பழக் கேக், மேல்பூச்சு இல்லாத பிரவுனி, ஓட்ஸ் துண்டு, மொறுமொறு பிஸ்கட். வாழைப்பழக் கேக்கில் வெண்ணெய்க்குப் பதில் எண்ணெய்தான். எண்ணெய் ஊற்றிச் சுட்டது மறுநாளும் மெத்தென்று இருக்கும். சர்க்கரையில் ஒரு பங்கை நாட்டுச் சர்க்கரையாக மாற்றினால் ஈரம் இன்னும் தங்கும். கேக்கையும் பிஸ்கட்டையும் மட்டும் ஒரே டப்பாவில் போடக் கூடாது. கேக்கின் ஈரத்தை பிஸ்கட் இழுத்துக்கொண்டு, காலைக்குள் நமுத்துப்போகும்.

ஆறவைப்பதில் எனக்குப் பொறுமை அதிகம். தொட்டுப் பார்த்தால் ஆறின மாதிரி இருக்கும், நடுவில் சூடு இருக்கும். அப்படியே பேப்பரில் சுற்றினால் ஆவி உள்ளேயே தண்ணீராகி, மேல்தோல் பிசுபிசுவென்று உரிந்து வரும். முந்தின நாள் சாயங்காலம் சுட்டு, கம்பித்தட்டில் ராத்திரி நெடுநேரம் விட்டு, அப்புறம்தான் வெட்டுவது, சுற்றுவது எல்லாம். ஒவ்வொரு துண்டுக்கும் தனிப் பேப்பர். தெருத் தூசிக்காக மட்டும் இல்லை, காசு வாங்குகிற கை பண்டத்தில் படக் கூடாதே!

நடந்து விற்கலாமா என்று விழா நடத்துகிறவர்களிடம் முன்கூட்டியே கேட்டுவிட வேண்டும். வீட்டில் செய்த தின்பண்டத்துக்கான விதிகளும் இடத்துக்கு இடம் மாறும், அதையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

தெருவில் நிறையப் பேர் கேட்பது, "அக்கா, இதுல முட்டை இருக்கா?" சிலருக்கு ஒவ்வாமை வரும் என்பதால் முட்டை, பால், கோதுமை, முந்திரி பாதாம் மாதிரியான பருப்பு வகை இந்த நாலையும் பேப்பரிலேயே எழுதி ஒட்டிவிடுவேன். பருப்பு போடாத துண்டு என்றாலும், பருப்பு வெட்டிய அதே கத்தி பட்டிருந்தால் அதையும் சொல்லிவிடுவேன். "கொஞ்சமா இருந்தா ஒண்ணும் ஆகாது" என்று சொல்கிற உரிமை விற்பவருக்குக் கிடையாது.

இனி நடை. கூட்டம் போகிற திசையில் நானும் போனால் எல்லாருக்கும் என் முதுகுதான் தெரியும். எதிரே நடந்தால் ஒவ்வொரு முகமும் தட்டைப் பார்த்துவிட்டுத்தான் தாண்டும். பாட்டோ ஆட்டமோ நடக்கும்போது மேடைப் பக்கம் போவதில் பிரயோஜனம் இல்லை. முடிந்து கலையும் நேரம்தான் நேரம். எதற்காவது வரிசையில் நிற்பவர்கள் இன்னும் நல்லவர்கள், போக வழியில்லாமல் பசியோடு நிற்பார்கள். கூவுவதில்லை நான். "வாழைப்பழக் கேக், பிரவுனி" என்று பக்கத்தில் இருப்பவருக்குக் கேட்கும்படி சொன்னால் போதும். குழந்தையின் உயரத்துக்குக் குனிந்து தட்டைக் காட்டுகிற வித்தையும் எனக்குத் தெரியும். செய்வதில்லை. அந்த அம்மாவின் பர்ஸை அழவைத்துத் திறக்க வேண்டுமா?

சில்லறை இல்லாத தொல்லைக்கு எல்லாத் துண்டுக்கும் ஒரே விலை. அது எளிதில் சில்லறை கொடுக்கும்படியான முழு எண்.

விழா முடிகிற நேரத்தில் விலையைக் குறைக்கச் சொல்வார்கள். காலையில் முழு விலை கொடுத்தவர் இன்னும் அங்கேயே சுற்றிக்கொண்டிருப்பார், எப்படிக் குறைப்பது? அந்த நேரத்தில் மேசை போட்டு விற்பவர்கள் பக்கம் போய்விடுவேன். காலையிலிருந்து இடத்தை விட்டு நகர முடியாமல் நிற்பவர்கள் அவர்கள். ஒருவர் வாங்கினால், "எனக்கும் ரெண்டு" என்று பக்கத்து மேசையிலிருந்து குரல் வரும்.