செல்ஃப் ரிலையன்ட் டைவர்: போனி சிலிண்டரைப் பற்றி மட்டும் கொஞ்சம் நீளமாக

துணை இல்லாமல் தனியாக ஸ்கூபா டைவ் செய்யப் பழக்கும் செல்ஃப் ரிலையன்ட் டைவர் படிப்பை முடித்ததற்கான கார்டு கைக்கு வந்துவிட்டது, இனி நிம்மதியாக எழுதலாம். 100 டைவ் முடித்துவிட்டு இந்தப் படிப்புக்கு வருகிறவர்களுக்கு அடிப்படை தெரியும். அதனால் மாஸ்க் இல்லாமல் நீந்துவது, திசைகாட்டி, மேலே மிதவை விடுவது எதையும் நான் தொடப்போவதில்லை. ஆளைச் சோதிப்பது மாற்றுக் காற்றுதான், அதாவது மெயின் சிலிண்டர் கைவிட்டால் மேலே வர உதவும் போனி என்கிற சின்ன சிலிண்டர்.

ஆக்டோபஸ் (மூச்சிழுக்கக் கூடவே தொங்கும் உதிரி வாய்ப்பகுதி) இருக்கிறதே என்ற நினைப்பை முதலில் விடுங்கள். அதுவும் அதே சிலிண்டரிலிருந்து, அதன் வாயில் மாட்டி அழுத்தத்தைக் குறைக்கும் அதே ஃபர்ஸ்ட் ஸ்டேஜ் வழியாகத்தான் வருகிறது. அங்கே கோளாறு என்றால் இரண்டும் சேர்ந்தே போகும். தனியாக இறங்குகிறவருக்குத் தனி சிலிண்டர், தனி ரெகுலேட்டர் (சிலிண்டர் காற்றை மூச்சுக்கு ஏற்றபடி வாய்க்குத் தரும் கருவி), அழுத்தம் காட்டும் தனி கேஜ் வேண்டும்.

எவ்வளவு பெரியது? கணக்குப் போடுங்கள். 30 மீட்டரில் அழுத்தம் 4 பார், அதாவது கடல்மட்டத்தைப் போல ஏறத்தாழ நான்கு மடங்கு; காற்றும் அத்தனை மடங்கு செலவாகும். பதற்றத்தில் நிமிடத்துக்கு (கடல்மட்டக் கணக்கில்) 30 லிட்டர் இழுப்போம் என்று வைத்துக்கொள்ளலாம். கீழே நிலைமையைச் சமாளிக்க 1 நிமிடம்: 120 லிட்டர். மேலே வர 4 நிமிடம், சராசரி 2.5 பார்: 300. ஐந்து மீட்டரில் 3 நிமிட நிறுத்தம்: 135. மொத்தம் 555. மூன்று லிட்டர் சிலிண்டரை 200 பார் நிரப்பினால் 600 லிட்டர், சரியாக இருக்கும். 85 லிட்டர் பிடிக்கும் கையடக்கக் குப்பி அந்த ஆழத்தில் முக்கால் நிமிடம்கூடத் தாங்காது.

நான் போன இடத்தில் வாடகைக்குத் தந்த 3 லிட்டர் போனியின் கேஜ் 90 பார் காட்டியது. "எமர்ஜென்சிக்குத்தானே சார், போதும்" என்றார்கள். அதாவது 270 லிட்டர்! நிரப்பித் தரச் சொல்லி நின்றேன். அதற்குள் முதல் படகு போய்விட்டது, அந்த டைவுக்குக் கட்டிய பணமும் போச்சு. எரிச்சல் இன்னும் அடங்கவில்லை. ஆனால் நீங்களும் நில்லுங்கள்.

இனி முக்கியமானது: கை. போனி ரெகுலேட்டர் எப்போதும் தாடைக்குக் கீழே, கழுத்தில் எலாஸ்டிக் கயிற்றில் தொங்க வேண்டும். பாக்கெட்டிலோ இடுப்பிலோ வேண்டாம். என்னைத் தேர்வில் காப்பாற்றியது இது ஒன்றுதான் என்று அடித்துச் சொல்வேன். ஓசூரில் கடலுக்கு எங்கே போவது? மொட்டை மாடியில் பழகினேன். மாஸ்க் கண்ணாடியில் செய்தித்தாள் ஒட்டி, பிசிடி (காற்றடைத்து மிதப்பைச் சரிசெய்யும் ஜாக்கெட்) மாட்டிக்கொண்டு நடக்க வேண்டும். வீட்டில் யாராவது சொல்லாமல் கொள்ளாமல் வந்து வாயிலிருக்கும் ரெகுலேட்டரைப் பிடுங்க வேண்டும். என் மகள் அந்த வேலையை ரொம்பவே ரசித்துச் செய்தாள்.

நம் பக்கம் லாரி டியூப் கட்டிக் கிணற்றில் நீச்சல் பழகியவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. மூச்சுப் பிடிப்பது நமக்குப் பெருமை, இங்கே அது ஆபத்து. ரெகுலேட்டர் மாற்றும் அந்த நொடிகளிலும் சின்னச் சின்னக் குமிழியாக மூச்சை விட்டுக்கொண்டே இருக்க வேண்டும். இன்ஸ்ட்ரக்டரின் கண் அதில்தான் இருக்கும்.

எனக்குத் தரப் பரிசோதனை வேலை, எதையும் எழுதி டிக் அடித்தால்தான் தூக்கம் வரும். அப்படிப்பட்டவர்களுக்கு:

- போனியை முதுகில் கட்டாமல் இடது பக்கம் முன்னால் தொங்கவிடுங்கள். வால்வு கைக்கு எட்டும், கேஜ் கண்ணில் படும்.
- அதன் மவுத்பீஸ் வேறு நிறமாக இருக்கட்டும். மெயின் என்று நினைத்து அதிலேயே சுவாசித்துக்கொண்டு இறங்கினால் கதை முடிந்தது.
- வால்வைத் திறந்து வைப்பதா, மூடி வைப்பதா? திறந்தால் தெரியாமல் கசியலாம், மூடினால் அவசரத்தில் தேட வேண்டும். நான் திறந்து வைக்கிற கட்சி, கேஜை அடிக்கடி பார்ப்பேன்.
- வாயில் வைத்ததும் ஊதித் தண்ணீரை வெளியேற்றுங்கள், இல்லையென்றால் ரெகுலேட்டரின் முன்னால் இருக்கும் பர்ஜ் பட்டனை அழுத்துங்கள், காற்று பீறிட்டுத் தண்ணீரைத் தள்ளிவிடும். அப்புறம்தான் மூச்சை இழுக்க வேண்டும்.
- அதில் வரும் காற்று மேலே வருவதற்கு மட்டும். டைவை நீட்டிக்க அல்ல.

கடைசியாக ஓசூர்க்காரர்களுக்கு. பாண்டியில் டைவ் முடித்து, திருவண்ணாமலை, ஊத்தங்கரை வழியாக அன்று இரவே வீடு திரும்பத் திட்டமிடாதீர்கள். ஓசூர் ஏறத்தாழ 880 மீட்டர் உயரம். டைவ் முடித்து 600 மீட்டருக்கு மேல் ஏறுவதை விமானப் பயணம்போலவே எடுத்துக்கொள்ள வேண்டும்: ஒரே டைவ் என்றால் 12 மணி நேரம், தொடர்ந்து பல டைவ் என்றால் 18 மணி நேரம் காத்திருக்க வேண்டும். கிருஷ்ணகிரி, தருமபுரி டவுன்காரர்கள் அந்த உயரத்துக்குக் கீழே இருப்பதால் தப்பித்தார்கள். நீங்கள் திங்கட்கிழமைக்கு இப்போதே லீவு சொல்லி வைத்துவிடுங்கள்.