0.38 ஆம்பியர்

இயற்பியல் சார் காலமானார் என்ற செய்தி வந்ததும் எங்கள் குழுவில் ஒருவர் பதிலாக எழுதியது ஓர் எண் மட்டும்: 0.38. அந்த லேபில் நின்றவர்களுக்கு அது போதும்.

“லே மக்கா, கம்பியச் சொரண்டினியா?” வோல்டேஜை மின்னோட்டத்தால் வகுத்துத் தடையைக் காணும் ஓம் விதிச் சோதனையை சார் இப்படித்தான் தொடங்குவார். கடற்காற்று அடிக்கிற ஊர். பித்தளைத் திருகில் பச்சைக் களிம்பு ஏறிவிடும். உப்புத்தாளால் தேய்க்காமல் முறுக்கினால் இணைப்பிலேயே ஒரு தடை உட்கார்ந்துகொண்டு முள்ளை நிலையாக நிற்கவிடாது. அதற்காகவே வோல்ட்மீட்டரின் இரண்டு கம்பிகளையும், தடையை அளக்க வேண்டிய கம்பிச்சுருளின் முனைகளிலேயே மாட்டச் சொல்வார். அம்மீட்டர் தொடரில்தான். தவறி வோல்ட்மீட்டரைத் தொடரில் வைத்தால் அது பேட்டரியின் வோல்டேஜைக் காட்டும், அம்மீட்டர் அசையாது. அம்மீட்டரைப் பக்க இணைப்பில் வைத்தாலோ முள் ஓரத்தில் மோதி மீட்டரே போய்விடும். அளவெடுக்கும் நேரத்துக்கு மட்டும் சாவியைப் போட வேண்டும். சுருள் சூடேறினால் தடையும் மாறும்.

எங்கள் வகுப்பு ரெக்கார்டு நோட்டு ஒன்றில் ஆறு அளவுகளுக்கும் தடை துல்லியமாக 5.0 ஓம் வந்திருந்தது. அதில் ஒரு வரி: 1.9 வோல்ட், 0.38 ஆம்பியர். சார் நோட்டை மேசையில் விரித்து, அம்மீட்டரைப் பக்கத்தில் வைத்து, “இதுல 0.38 எங்க இருக்கு, காட்டு” என்றார். அந்த மீட்டரின் மீச்சிற்றளவு, அதாவது ஒரு கோட்டுக்கும் அடுத்த கோட்டுக்கும் உள்ள வித்தியாசம், 0.05 ஆம்பியர். முள் 0.35-க்கும் 0.40-க்கும் நடுவில் நின்றால் பாதிக்கோடு வரை ஊகித்து 0.375 என்று எழுதலாம், அதற்கு மேல் முடியாது. விடையிலிருந்து பின்னோக்கிக் கணக்குப் போட்டவர்களுக்குத்தான் 0.38 கிடைக்கும். வகுப்பே தலை குனிந்தது. மற்ற நோட்டுகளிலும் அதே எண் இருந்தது. நேர்மையாக 0.40 எழுதியிருந்தால் தடை 4.75 ஓம். அரைக்கோட்டுப் பிழையே 6 சதவீதம் என்பதால் அந்த விடையில் குறையே இல்லை என்று கரும்பலகையில் போட்டுக் காட்டினார். அடிக்கவில்லை. திட்டியிருந்தால்கூடத் தேவலை.

அடுத்தது குண்டு பல்பு. 230 வோல்ட், 60 வாட். திறனை வோல்டேஜால் வகுத்தால் மின்னோட்டம் 0.26 ஆம்பியர், தடை 882 ஓம். அதே பல்பை அணைத்து ஆறவிட்டு மல்டிமீட்டரில் அளந்தால் ஏறத்தாழ 65 ஓம்தான். இந்த 65-ஐ வைத்துத் திறன் கணக்கிட்டால் 800 வாட்டுக்கு மேல் வரும். டங்ஸ்டன் இழை சூட்டில் தடை கூட்டும். எரியும்போது இருக்கும் வோல்டேஜையும் மின்னோட்டத்தையும் பெருக்கினால்தான் உண்மையான திறன்.

வெளிநாடு போனவர்கள் லீவில் பார்க்கப் போனால் அவர் முதலில் கேட்பது, “அங்க எத்தன வோல்ட்டு மக்கா?” 120 என்றால் உடனே மனக்கணக்கு. நம்மூர் 750 வாட் இஸ்திரிப்பெட்டியின் தடை 70.5 ஓம்; அங்கே அது 204 வாட்தான் எடுக்கும், சட்டையின் சுருக்கம் போகாது. அங்கிருந்து 1000 வாட் பெட்டியைக் கொண்டுவந்து இங்கே மாட்டினால் தடை 14.4 ஓம், 16 ஆம்பியர் இழுத்து 3,670 வாட்டில் கருகிவிடும். வோல்டேஜ் இரு மடங்கானால் திறன் நான்கு மடங்கு என்பதை மறந்து பொருள் வாங்காதே என்பார்.

“சாயங்காலம் வா, பல்ப அளந்து பாக்கலாம்” என்று வாசல் வரை வந்து சொல்வார். ஒரு மாத லீவில் கல்யாணம், பத்திரப்பதிவு, பேங்க் வேலை. அடுத்த லீவில் வருகிறோம் என்றுதான் எல்லோரும் சொல்லிவிட்டு வந்தோம்.