பாலத்தில் நின்ற கார், ஐந்து ரிங்கிட் மனு: ஒரு கியர்பாக்ஸ் வழக்கின் கதை

2024 மே 14, செவ்வாய்க்கிழமை சாயங்காலம். பினாங்குப் பாலத்தின் நடு மேட்டில் ஏறிக்கொண்டிருந்தபோது என் காருக்கு இழுவை போய்விட்டது. இன்ஜின் ஓடுகிறது, மிதித்தால் சத்தம் ஏறுகிறது, வண்டி மட்டும் நகரவில்லை. பின் சீட்டில் எட்டு வயது மகள். வெளியே நல்ல மழை. இருந்த வேகத்திலேயே இடது ஓரத்துக்கு உருட்டி நிறுத்தி, நாலு பக்க விளக்கையும் போட்டேன். ஒவ்வொரு லாரி தாண்டும்போதும் கார் ஆடியது. "அம்மா, கடல்ல விழுந்துருவோமா?" என்று மகள் கேட்டதை இப்போது நினைத்தாலும் வயிற்றைப் பிசைகிறது. ரோந்து வண்டி வர இருபது நிமிடம் ஆனது.

எனக்கு வீடு புக்கிட் மெர்தாஜாமில், வேலை பினாங்குத் தீவில் ஒரு தமிழ்ப்பள்ளியில். பாலம்தான் அன்றாட வழி. 2019 ஜனவரியில் புதிதாக எடுத்த கார் அது. ஒன்பது வருடக் கடனில் இன்னும் 44 மாதத் தவணை பாக்கி. மீட்டரில் 71,430 கிலோமீட்டர். கோவிட் நடமாட்டக் கட்டுப்பாட்டுக் காலத்தில் மாதக்கணக்கில் வீட்டு வாசலிலேயே நின்ற வண்டி. ஐந்து வருட வாரண்டி முடிந்து சரியாக நாலு மாதம் ஆகியிருந்தது. கம்பெனியின் பெயர் இங்கே வேண்டாம். யாருடைய காராக இருந்தாலும் நான் போன வழி ஒன்றுதான்.

பாலத்தில் நின்றது திடீரென்று வந்த பழுது இல்லை. முதலில் தெரிந்தது 2022 ஆகஸ்டில். காலையில் எங்கள் தாமானை (குடியிருப்புப் பகுதியை) விட்டு மெதுவாக வெளியே வரும்போது, முப்பது கிலோமீட்டர் வேகத்தில், கரடுமுரடான ரோட்டில் போவதுபோல ஓர் உதறல். சிக்னலில் நின்று கிளம்பினால் 'டி'யில் போட்டு இரண்டு மூன்று நொடி கழித்துத்தான் பிடிக்கும். சர்விஸுக்கு விட்டபோது கவுண்டரில் இருந்த தம்பியிடம் சொன்னேன். "சரி டீச்சர், பார்க்கச் சொல்றேன்" என்றார். ஜாப் ஷீட்டில் அவர் எழுதியது 'பொதுப் பரிசோதனை' என்று மட்டும். நான் படித்துப் பார்க்காமல் கையெழுத்துப் போட்டேன். அந்தக் காகிதத்தால் பின்னால் எனக்கு ஒரு பயனும் இல்லை.

2023 மார்ச்சில் இரண்டாவது முறை போனபோது, என் வீட்டுக்காரர் சொல்லி அனுப்பியிருந்தார்: "நீ சொன்னதை அப்படியே எழுதச் சொல்லு, அப்புறம் சாவியைக் கொடு." அப்படியே செய்தேன். 'குறைந்த வேகத்தில் உதறுகிறது, கியர் பிடிக்கத் தாமதம்' என்று எழுதி வாங்கினேன். அதற்குக் கீழே மாலையில் வந்த பதில்: 'ஓட்டிப் பார்த்தோம், இயல்பாக உள்ளது.' நவம்பரில் மூன்றாவது முறை. இந்தத் தடவை 'கியர்பாக்ஸ் மென்பொருள் புதுப்பிக்கப்பட்டது' என்று எழுதிக் கொடுத்தார்கள். இரண்டு வாரம் நன்றாக ஓடியது. பிறகு பழைய உதறலே திரும்பியது.

இழுவை லாரியில் வந்த காரை முதலில் பிறை என்ற ஊரில் எங்களுக்குப் பழக்கமான போமன் (மெக்கானிக்) அண்ணனிடம் கொண்டுபோனோம். ஸ்கேனரைச் செருகியதும் பி0868 என்று பழுதுக் குறியீடு வந்தது. கியர்பாக்ஸ் எண்ணெயின் அழுத்தம் குறைவு என்று அர்த்தம். என் காரில் இருப்பது சிவிடி என்ற வகைக் கியர்பாக்ஸ். அதில் பல் சக்கரம் மாறி மாறி விழும் வேலை கிடையாது. கூம்பு மாதிரிச் சரிந்த தட்டுகள் இரண்டு ஜோடி, அவற்றின் நடுவே ஓர் எஃகு பெல்ட். எண்ணெய் அழுத்தம் தட்டுகளை நெருக்கினால்தான் பெல்ட் இறுகிப் பிடிக்கும். அண்ணன் இரண்டு உள்ளங்கைகளுக்கு நடுவே தன் இடுப்பு பெல்ட்டை வைத்து அழுத்திக் காட்டினார். "கையை லூசா விட்டா பெல்ட் வழுக்கும், பார்த்தீங்களா? வழுக்கினா தேயும். தேஞ்ச தூள் அதே எண்ணெயில கலந்து வால்வுக்குள்ள போகும். அப்புறம் அழுத்தம் இன்னும் குறையும்." இருபது மாதமாக நான் உணர்ந்த உதறலுக்கு அன்றைக்குத்தான் ஒருவர் விளக்கம் சொன்னார்.

உள்ளே திறந்து பார்க்கச் சொன்னேன். மாட்டேன் என்றார். "நான் கை வச்சா நாளைக்கு எல்லாத்தையும் என் தலையில போடுவாங்க, டீச்சர். அவங்களையே திறக்கச் சொல்லுங்க, நீங்க பக்கத்துல நில்லுங்க." ஸ்கேனரில் வந்ததைத் தேதி, மீட்டர் எண்ணோடு ஒரு தாளில் எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். அதற்குக் காசும் வாங்கவில்லை. அன்று அவர் மட்டும் ஆசைப்பட்டுத் திறந்திருந்தால் என் வழக்கு அங்கேயே முடிந்திருக்கும்.

மறு வாரம் சர்விஸ் சென்டரில், நானும் நிற்பேன் என்று அடம்பிடித்து நின்றேன். அடியில் இருக்கும் எண்ணெய்த் தட்டைக் கழற்றினார்கள். அதற்குள் சின்னச் சின்னக் காந்தங்கள் உண்டு, இரும்புத் தூளைப் பிடித்து வைப்பதற்கு. அவற்றில் சாம்பல் நிறத்தில் மை மாதிரி கொஞ்சம் ஒட்டியிருந்தால் அது இயல்பு என்று போமன் அண்ணன் முன்பே சொல்லியிருந்தார். நான் பார்த்தது வேறு. அந்தச் சாம்பல் மையின் மேல், கோலப்பொடியில் ஜிகினாவைக் கொட்டியதுபோல, பளபளவென்று உலோகச் செதில்கள். எண்ணெயில் தீய்ந்த வாடை. கைப்பேசியில் படம் எடுத்தேன், காந்தத்தின் பக்கத்தில் ஒரு ஐம்பது சென் காசை வைத்து இன்னொரு படமும் எடுத்தேன்.

புதிய கியர்பாக்ஸுக்கு அவர்கள் எழுதிக் கொடுத்த விலை 17,600 ரிங்கிட். காரணம் கேட்டதற்கு மேனேஜர் சொன்ன பதிலைக் கேட்டு எனக்கு அழுகை வந்துவிட்டது. நான் ஓட்டும் விதம்தான் காரணமாம், பாலத்து நெரிசலில் ஊர்ந்து ஊர்ந்து போவதால் வந்ததாம். அந்தப் பாலம் 1985 முதல் இருக்கிறது. நெரிசலும் நேற்று வந்ததில்லை. இந்த ஊரில் விற்கிற கார் இந்த ஊர் ரோட்டுக்குத் தாங்க வேண்டாமா?

அன்று இரவு தூக்கம் வராமல் படித்துக்கொண்டிருந்தபோது ஆஸ்திரேலியாவில் நடந்த ஒரு வழக்கு கண்ணில் பட்டது. அது வேறு கம்பெனி, வேறு வகைக் கியர்பாக்ஸ். ஃபோர்டின் பவர்ஷிஃப்ட் என்கிற இரட்டை கிளட்ச். கார் உதறுகிறது என்று புகார் சொன்னவர்களிடம் அங்கேயும் ஓட்டும் விதத்தைத்தான் காரணம் காட்டியிருக்கிறார்கள். புகார்களைக் கையாண்ட விதம் நியாயமற்றது என்று 2018 ஏப்ரலில் அந்நாட்டு ஃபெடரல் நீதிமன்றம் ஃபோர்டு ஆஸ்திரேலியாவுக்கு 1 கோடி ஆஸ்திரேலிய டாலர் அபராதம் விதித்தது. என் வழக்குக்கும் அதற்கும் சம்பந்தமில்லை என்று தெரியும். ஆனாலும் "உன்மேல்தான் தப்பு" என்ற சொல்லைக் கேட்டது நான் ஒருத்தி மட்டுமில்லை என்று தெரிந்ததே பெரிய தெம்பாக இருந்தது.

பள்ளி விடுமுறை விழுந்ததும் கிரீன் லேனில் இருக்கும் பினாங்கு பயனீட்டாளர் சங்கத்துக்குப் போனேன். காகிதங்களை எல்லாம் பரப்பி வைத்தேன். அங்கே எனக்கு இரண்டு விஷயம் தெளிவானது. ஒன்று, வாரண்டி முடிந்தால் உரிமையும் முடிந்தது என்பது சரியில்லை. 1999ஆம் ஆண்டு பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டத்தின் 32ஆம் பிரிவு, விற்கிற பொருள் ஏற்கத்தக்க தரத்தில் இருக்க வேண்டும் என்கிறது. நீடித்து உழைப்பதும் அந்தத் தரத்தில் அடக்கம், விலையையும் கணக்கில் எடுக்க வேண்டும். பழுதான பொருளை வாங்கி ஏமாந்தவர்களுக்கென்று சிங்கப்பூரில் 2012 செப்டம்பரிலிருந்து 'லெமன் சட்டம்' என்று தனியாக ஒன்று இருக்கிறது. நான் போன சமயத்தில் நம் நாட்டில் அப்படித் தனிச் சட்டம் இல்லை. இந்த 32ஆம் பிரிவைத்தான் பிடித்துக்கொள்ள வேண்டியிருந்தது. இரண்டாவது, நேராக வழக்குக்கு ஓடாமல் முதலில் 14 நாள் கெடு வைத்து ஒரு கடிதம் அனுப்ப வேண்டும். அனுப்பினேன், பதிவுத் தபாலில்.

பதின்மூன்றாம் நாள் பதில் வந்தது. நல்லெண்ண அடிப்படையில் பாக விலையில் 30 சதவீதம் தள்ளுபடி. மீதி 12,000 ரிங்கிட்டுக்கு மேல் நான் எங்கே போக?

அடுத்தது பயனீட்டாளர் நடுவர் மன்றம். 50,000 ரிங்கிட் வரையிலான கோரிக்கையை அங்கே கொண்டுபோகலாம், மனுக் கட்டணம் ஐந்து ரிங்கிட். வழக்குக்கான காரணம் எழுந்து மூன்று வருடத்துக்குள் போட வேண்டும். வக்கீல் வைக்க முடியாது, எதிர்த்தரப்புக்கும் அதே விதிதான். கம்பெனி என்றால் அதன் முழுநேர ஊழியர் ஒருவர் வந்து பேசலாம். பாரம் 1 என்கிற மனுப் படிவத்தை மலாயில் நானே பூர்த்தி செய்தேன்.

ஒரு இடத்தில் மட்டும் சறுக்கப் பார்த்தேன். எதிர்த்தரப்பு என்ற கட்டத்தில் ஷோரூம் பலகையில் இருந்த பெயரை எழுதியிருந்தேன். வீட்டுக்காரர் பழைய ரசீதை எடுத்துக் காட்டினார். அதில் அடியில் சின்ன எழுத்தில் வேறொரு சென்டிரியான் பெர்ஹாட்டின் (தனியார் நிறுவனத்தின்) பெயரும் பதிவு எண்ணும் இருந்தன. பலகைப் பெயருக்குச் சட்டத்தில் ஆள் கிடையாது. அதைத் திருத்தி, நாட்டுக்குள் அந்தக் காரைக் கொண்டுவந்து விநியோகிக்கும் கம்பெனியை இரண்டாவது எதிர்த்தரப்பாகச் சேர்த்தேன். வெளிநாட்டுத் தயாரிப்பாளருக்கு இங்கே தொழில் இடம் இல்லையென்றால், இறக்குமதி செய்பவரையே சட்டம் தயாரிப்பாளராகக் கருதுகிறது.

ஜூன், ஜூலை இரண்டு மாதமும் வீட்டுக்காரர் மோட்டார் சைக்கிளில் பட்டர்வொர்த் வரை கொண்டுவிடுவார், அங்கிருந்து ஃபெரி. 2023 ஆகஸ்டில் வந்த புதிய ஃபெரிகள் ஆளையும் இரண்டு சக்கர வண்டியையும் மட்டும்தான் ஏற்றும். அக்கரையில் இறங்கி பஸ். பரீட்சைத் தாள் கட்டை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு மழையில் நின்ற நாள்கள் உண்டு. தவணை மட்டும் மாதம் தவறாமல் வங்கிக்குப் போய்க்கொண்டிருந்தது.

விசாரணை ஆகஸ்டில். சின்ன அறை, ஒரு நீள மேசை. தலைவர் ஒரு பெண்மணி. அவரை 'புவான்' (மலாயில் அம்மா என்பதுபோல மரியாதைச் சொல்) என்று அழைத்துப் பேசினோம். எதிரே சர்விஸ் மேனேஜரும் விநியோகக் கம்பெனியிலிருந்து ஒருவரும். அவர்கள் வாதம் இரண்டுதான். வாரண்டி முடிந்துவிட்டது, கியர்பாக்ஸ் எண்ணெயை நான் மாற்றவில்லை.

கை நடுங்கியது. ஆனால் சர்விஸ் புத்தகத்தை எடுத்து அந்தப் பக்கத்தைத் திறந்து புவானிடம் நீட்டினேன். கியர்பாக்ஸ் எண்ணெய் மாற்ற வேண்டியது 80,000 கிலோமீட்டரில் என்று அவர்கள் அச்சடித்த அட்டவணையே சொல்கிறது. என் மீட்டர் 71,430. அதுவரை எல்லா சர்விஸும் அவர்களிடமேதான், முத்திரையும் அவர்களுடையதுதான். அப்புறம் மூன்று ஜாப் ஷீட்டையும் வைத்தேன். முதல் தாளை ஒரு பார்வை பார்த்து அவர் ஓரமாகத் தள்ளிவிட்டார். அதில் என் புகார் இல்லையே. இரண்டாவதையும் மூன்றாவதையும் தேதியோடு வாசித்தார். வாசித்துவிட்டு மேனேஜரிடம் கேட்டார்: "வாரண்டி இருக்கும்போதே இதே புகார் இரண்டு முறை வந்திருக்கிறது. இயல்பாக இருந்த கியர்பாக்ஸுக்கு ஏன் மென்பொருள் மாற்றினீர்கள்?" அவரிடம் பதில் இல்லை. காந்தத்தின் படத்தை அதற்கு அப்புறம்தான் காட்டினேன்.

தீர்ப்புக்கு முன்னால் இரு தரப்பும் பேசி முடிக்க வழி இருக்கிறதா என்று மன்றம் பார்க்கும், சட்டத்திலேயே அதற்கு இடம் உண்டு. எங்களை வெளியே உட்கார்ந்து பேசச் சொன்னார்கள். முக்கால் மணி நேரம் பேசினோம். புதிய கியர்பாக்ஸின் முழு விலை அவர்களுடையது. கூலியும் எண்ணெயும் என்னுடையது, 1,450 ரிங்கிட். மாற்றிய பாகத்துக்கு ஒரு வருட வாரண்டி. உள்ளே திரும்பிப் போனதும் அதையே மன்றத்தின் தீர்ப்பாக எழுதினார்கள். குறித்த காலத்துக்குள் செய்யவில்லை என்றால் குற்றம்.

கூலியையும் ஏன் விட்டுக்கொடுத்தீர்கள் என்று போமன் அண்ணன் இன்றைக்கும் கேட்கிறார். பேசாமல் தீர்ப்புக்கே விட்டிருந்தால் முழுசாகக் கிடைத்திருக்கலாம். ஒன்றுமே கிடைக்காமலும் போயிருக்கலாம். எனக்கு மகளைக் கூட்டிக்கொண்டு பள்ளிக்குப் போக வண்டி வேண்டும். நான் செய்தது சரி என்றுதான் நினைக்கிறேன். ஆனால் 2022இல் அந்த முதல் தாளை ஒழுங்காக எழுதி வாங்கியிருந்தால், அந்த 1,450ஐயும் கேட்டு நின்றிருப்பேன்.

செப்டம்பர் முதல் வாரம் கார் கைக்கு வந்தது. பழைய கியர்பாக்ஸின் வரிசை எண், புதியதன் வரிசை எண் இரண்டையும் ரசீதில் எழுதச் சொன்னேன். கவுண்டரில் அதே தம்பிதான். எழுதி, தாளை என் பக்கம் திருப்பி வைத்து, "படிச்சுப் பார்த்துட்டே போடுங்க, டீச்சர்" என்றார். நின்று முழுக்கப் படித்தேன். ஓர் எண் மாறியிருந்தது. திருத்தச் சொல்லி, அப்புறம் கையெழுத்துப் போட்டேன்.