குளிரும் பழைய பாணி கவுனும்

1950களின் பாணியில் இடுப்பு ஒடுங்கி, பாவாடை விரிந்த கவுன் என்றால் எனக்கு உயிர். குளிர்காலம் வந்தால் எல்லோரும் கேட்பது ஒன்றுதான்: "கால் விறைக்காதா?" விறைக்காது. உள்ளே என்னென்ன இருக்கிறது என்று அவர்களுக்குத் தெரியாதே!

உடம்போடு ஒட்டியபடி மெல்லிய கம்பளி பனியன். கம்பளி தன் எடையில் சுமார் 30 சதவீதம் வரை ஈரத்தை இழுத்துக்கொண்டாலும் நனைந்த மாதிரியே தெரியாது. பருத்தி அப்படியில்லை, வியர்வை பட்டதும் சில்லென்று ஒட்டிக்கொள்ளும். காலுக்குத் தடித்த கம்பளிக் காலுறை. (1940இல் அமெரிக்கக் கடைகளுக்கு வந்த நைலான் காலுறை அழகுதான், குளிருக்கு உதவாது.) அப்புறம் உள்பாவாடை, ஒன்றல்ல, இரண்டு. அடுக்குகளுக்கு நடுவே சிக்கும் காற்றுதான் சூட்டை வெளியே விடாமல் பிடித்து வைக்கிறது. 1947இல் பிரெஞ்சு ஆடை வடிவமைப்பாளர் கிறிஸ்டியன் டியோர் அகலப் பாவாடையைக் கொண்டுவந்தபோது குளிரை நினைத்திருக்க மாட்டார், லாபம் எனக்கு.

கோட்டு விஷயத்தில்தான் முதல் வருடம் ஏமாந்தேன். நேர்வெட்டுக் கோட்டுக்குள் இவ்வளவு துணியும் அடங்கவில்லை, பொத்தான் தெறித்தது. இப்போது கீழே விரியும், கவுனைவிட நீளமான கம்பளிக் கோட்டு. குட்டையாக இருந்தால் காற்று அடியில் புகுந்து எல்லாவற்றையும் கெடுத்துவிடும்.

இத்தனையும் செய்துவிட்டு இன்று கையுறையை வீட்டிலேயே மறந்துவிட்டேன்.